ஆறு முழமும் ஒரு சாணும்

என் வீட்டுக்காரர் ஏசுதாஸ் குள்ளம். கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் தேயிலைக்கு நடுவே நடந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மூட்டை மட்டும் தனியாகப் போவது போலத் தெரியும். ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறிய குள்ளன் சகேயுவின் பெயரையே சபையில் அவருக்கு வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் மரத்துல ஏறிட்டா நீங்கள்லாம் அண்ணாந்துதான் பாக்கணும்" என்று சிரிப்பார். நான்தான் சண்டைக்குப் போவேன். கட்டியவனை நான் கேலி செய்யலாம், ஊர் செய்யக் கூடாது என்பது என் சட்டம்.

அந்த மனுஷன் ஆறு முழமும் ஒரு சாணும் உயரமாக எழுந்து நின்றதைத்தான் சொல்லப்போகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதைச் சொன்னவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் எஸ்டேட். பின்னால் மலை. மலைக்கு அடியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் எங்கள் வேதக் கோயிலும். முன்னால் ஓடை. ஓடைக்கு அக்கரையில் உயரமான பாறை மேட்டில் பள்ளிக்கூடம். நான் நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் ஏசுதாஸ் ஓடையிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். அரைத்த மாவு போல வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் மண் செம்மண். மேலே எங்கும் அந்த நிறத்தில் மண் கிடையாது.

"இது மலையோட வயித்துக்குள்ள இருக்க மண்ணு, ஜோதி. உள்ள அரிச்சுக்கிட்டு வருது. நீ இன்னைக்கே கீழ இறங்கிப் போடிக்குப் போயிரு. பிரசவம் அங்கேயே ஆகட்டும்."

"நீங்க?"

"நான் இவுங்ககிட்டச் சொல்லிப் பாக்கேன்."

சொல்லிப் பார்த்தார். எஸ்டேட் ஆபீஸில் சிரித்தார்கள். சபையில் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகச் செய்தார்கள். அப்போதிருந்த உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை அவரை எழுப்பி நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆண்டவர் தருவதாகச் சொன்ன கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். அந்த தேசத்தில் ராட்சதர் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகள், அது தன் குடிகளையே தின்கிற தேசம் என்று வந்து சொல்லி, ஜனங்களைப் பயமுறுத்தி ஆண்டவருடைய கோபத்துக்கு ஆளான அந்தப் பத்துப் பேர்தான். "நம்ம சகேயுவுக்கும் ராட்சதன் தெரியுதான்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். இதை அவர் போனில் சொன்னபோதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போடியில் எங்கள் மகள் ஜிஷா பிறந்த அன்று இங்கே மலை இறங்கியது. உருள்பொட்டல் என்று மலையாள டிவியில் சொன்னார்கள். மேல் லயம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. அந்த உபதேசியாரும் போனார். பலரைத் தோண்டி எடுத்தார்கள், சிலர் கிடைக்கவே இல்லை. ஏசுதாஸும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் சொன்னது உண்மை என்று ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை. ஆண்டவர் சித்தம் என்றார்கள். மழை அப்படி என்றார்கள். இருந்தும் அவர் பெயர் வந்தால் சபையில் ஒரு மாதிரிப் பேச்சை மாற்றுவார்கள், ஏதோ அவர் சொன்னதால்தான் மலை வந்தது என்பதைப் போல. அவர் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

புது லயம் எங்கே கட்டினார்கள் என்று கேளுங்கள். அதே மலைக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி. வேறு இடம் இல்லையாம். வேலையை விட்டால் வீடும் போய்விடும். நானும் கைக்குழந்தையோடு அங்கேயே குடிவந்தேன்.

ஜிஷாவுக்கு ஆறு வயதாகியிருந்த இந்த மே மாதத்தில் புது உபதேசியார் தனபால் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கொழுந்து வேலை போக மிச்ச நேரம் நான் தையல் மிஷின் மிதிப்பது அவருக்குத் தெரியும்.

"அக்கா, வி.பி.எஸ்.ஸுக்கு இந்த வருஷம் கோலியாத்து செய்யப் போறோம். மூங்கில் ரெடி. சட்டை, கால்சட்டை நீங்கதான் தைக்கணும்."

வி.பி.எஸ். என்றால் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடக்கும் வேதப் பள்ளி. கடைசி நாளில் பிள்ளைகள் தாவீதைப் போலக் கவண் சுழற்றி, மண் உருண்டையால் அந்த ராட்சதனை அடித்து விழவைக்க வேண்டும். அதுதான் அவர் திட்டம்.

"எவ்வளவு உயரம் ஐயா?"

"வேதத்துல உள்ளபடி ஆறு முழம், ஒரு சாண்." என் மேஜை மேல் கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை என் டேப்பாலேயே அளந்து காட்டினார். நீளமான கை. "என் முழத்துக்கே வச்சுக்கோங்க. கோயில் ரூம்ல பழைய துணி ஒரு மூட்டை கெடந்துச்சு, இது போதும்ல?"

அவர் போன பிறகு சாக்கை அவிழ்த்தேன். ஈரமண் வாடை வந்தது. கையை விட்டுப் பார்த்தால் துணியெல்லாம் காய்ந்துதான் இருந்தது.

முதலில் வந்தது ஆரஞ்சு நிறச் சட்டை. எங்கள் லயத்து மாரித்தாய் அக்காவின் மகன் முனீஸ்வரன், திருவிழாவுக்குப் போட வேண்டும் என்று கேட்டு நான் தைத்துக் கொடுத்தது. அடுத்தது ஒரு கொழுந்துப் பெண்ணின் ஜாக்கெட், என் தையல். அப்புறம் பழைய உபதேசியாரின் வெள்ளை ஜிப்பா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலை இறங்கிய சமயத்தில் மண்ணிலிருந்து வந்த துணிகளை ஓடையில் அலசி, சொந்தக்காரர்கள் அடையாளம் பார்த்து எடுக்கட்டும் என்று கோயில் முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். எடுக்க ஆள் வராததைச் சாக்கில் கட்டிவைத்தார்கள். போடியிலிருந்து திரும்பிய பிறகும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் சட்டையைப் பார்த்துவிட்டால் அவர் செத்துவிட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். புது உபதேசியாருக்கு இந்தக் கதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

சாக்கின் அடியில் இருந்தது. நீலக் கட்டம் போட்ட சின்னச் சட்டை. உள்பக்கம் நெஞ்சில் ஒரு ரகசியப் பை. மூக்குப்பொடி டப்பாவை உபதேசியார் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று அவர் கெஞ்சிக் கேட்டுத் தைத்துக்கொண்ட பை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஆறு வருடமாக அழாததையெல்லாம் அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. இத்தனை பேரையும் ஒரு சாக்குக்குள் சுருட்டிப் போட்டுவிட்டு மறந்துபோன ஊர் இது. அண்ணாந்து பார்க்கட்டும். மிஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைத்தேன். முனீஸ்வரனின் சட்டை வலது கை. ஜாக்கெட்டுகள் தோள். உபதேசியாரின் ஜிப்பாவைக் கழுத்துப் பட்டையாக வைத்தேன். ஏசுதாஸின் சட்டையை நெஞ்சுக்கு நடுவில், பை உள்ளே வருகிற மாதிரி வைத்துத் தைத்தேன். "நில்லும், இப்பயாவது உசரமா நில்லும்" என்று சொல்லிக்கொண்டே தைத்தேன். துணி மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி நாளில் அவர் மேல் மண்ணெறிவார்கள் என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

மூங்கில் கூட்டுக்கு அதைப் போர்த்தி, உள்ளே ஏலச் சருகை அடைத்து, கோயில் முற்றத்தில் நிறுத்தினார்கள். ஓடைப்பக்கம் முகம். சாக்குத்துணியில் கண்ணும் மீசையும் வரைந்த முகம் கோயில் கூரைக்குச் சமமாக இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவன் மலையைப் பார்த்து நின்றான்.

"காத்து திருப்பியிருக்கும்" என்றார் தனபால். இளைஞர்களைக் கூப்பிட்டுக் கயிறு போட்டு ஓடைப்பக்கம் திருப்பினார். அதற்கடுத்த நாளும் மலையைப் பார்த்துத்தான் நின்றான். அடிக்கம்பைச் சுற்றிக் கல் அடுக்கி சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் காய்ந்து கெட்டியானது. கம்பு அசையவில்லை. ஆனாலும் காலையில் முகம் மலைப்பக்கம்தான். தையல் எல்லாம் நேராக இருந்தது, முறுக்கிக்கொள்ளவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். தைத்தவளுக்கு முன்பக்கம் எது, முதுகு எது என்று தெரியாதா?

ஊரில் ஒரு நாயும் அந்த முற்றத்துக்குள் வரவில்லை.

மாரித்தாய் அக்கா கோயிலுக்கு வருகிறவள் இல்லை. அவளுக்கு முனியாண்டியும் மாரியம்மனும்தான். வேலைக்குப் போகிற வழியில் ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டு உள்ளே வந்தாள். ராட்சதனின் வலது கை அவள் தலைக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குப் பேர் பதிகிற மஸ்டர் மணி அடித்தும் போகவில்லை. அவள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வேலை விட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுக்குத் தெரிந்த துணியைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ காலடியில் பால் ஊற்றாத கட்டன் சாயா ஒரு கிளாஸ் வைத்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள்.

தனபால் ஆடிப்போய்விட்டார். பாவம், கோலியாத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிற சபையை அவர் எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டார். என்னிடம் ஓடி வந்தார்.

"யாரோட துணின்னு தெரிஞ்சும் ஏன்க்கா தைச்சீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மறுபடியும் சாக்குலதான கட்டி வச்சிருப்பீக. என் வீட்டுக்காரர் சட்டைய மட்டும் பிரிச்சுக் குடுத்துருங்க. அது மேல பிள்ளைங்க எறியக் கூடாது."

"இப்பப் பிரிச்சா நெஞ்சு ஓட்டையாயிரும். பிள்ளைங்க ஆசையா இருக்காங்க. கடைசி நாள் முடியட்டும், தர்றேன்." வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "அந்த நாளையும் முந்தி வச்சிரலாம். இது இப்படியே நிக்கது சரியில்ல" என்றார்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுத்ததை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ராட்சதர் எங்கிருந்து வந்தார்கள் என்று என் ஜிஷாதான் கேட்டாள்.

"உலகம் உண்டான புதுசுல தேவபுத்திரர் மனுஷப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டாங்க. அவங்களுக்குப் பிறந்த பிள்ளைங்கதான் பெரிய பெரிய ராட்சதரா வந்தாங்க. பூமி கெட்டுப்போச்சு, ஆண்டவர் வெள்ளத்த அனுப்பிட்டார். அதுக்கப்புறமும் கொஞ்சம் பேர் இருந்தாங்க. ஓக்னு ஒரு ராஜா, அவன் படுக்க இரும்புக் கட்டில். கடைசியா இந்தக் கோலியாத்து."

"இப்ப எங்க இருக்காங்க?"

தனபால் தயங்கினார். "பூமிக்குக் கீழன்னு தீர்க்கதரிசி எழுதியிருக்கார். செத்தவங்களோட சேந்து படுத்திருக்காங்களாம். மேலருந்து யாராவது வந்தா எந்திரிச்சு வரவேற்பாங்களாம்." உடனே குரலை உயர்த்தினார். "ஆனா நமக்கு ராட்சதன்னா பயம். அவ்வளவுதான். பயத்த விசுவாசத்தால அடிச்சு விழவைக்கணும்."

பிள்ளைகள் ஆமென் என்றார்கள். ஜன்னல் வழியாக முற்றத்தில் அவன் முதுகு தெரிந்தது. மூடுபனி இடுப்புவரை ஏறியிருந்தது. கால் இல்லாமல் நின்றான்.

பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஏணி வைத்து ஏறினேன். சட்டையை நானே பிரித்துவிடலாம் என்று பிளேடு கொண்டுபோயிருந்தேன். பட்டனைக் கழற்றி உள்ளே கை விட்டேன். சருகு சில்லென்று இருந்தது. ரகசியப் பை கனத்தது. கையை வெளியே எடுத்தேன். விரலெல்லாம் சேறு. வெள்ளைச் சேறு.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அந்தச் சட்டை ஓடையில் அலசியது, ஆறு வருடம் சாக்கில் காய்ந்தது, சேர்த்துத் தைக்கும்போது பையை நானே உதறிப் பார்த்தது. நேராக ஓடைக்கு ஓடினேன். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. வெள்ளையின் சாயல்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. ஓடை காட்டினால் பத்துப் பேரைக் கூட்டிவந்து காட்டலாம். இதை யாரிடம் காட்டுவது?

கையை அப்படியே நீட்டிக்கொண்டு தனபாலிடம் போனேன்.

"ஐயா, எல்லாத்தையும் அக்கரைக்குப் போகச் சொல்லுங்க. மலை வரப்போகுது."

பழைய கதையை முழுக்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும், "யாராவது பிள்ளைங்க வெளையாட்டுக்கு அடைச்சிருக்கும்க்கா. பயத்துல பேசாதீங்க. வேவுகாரங்க கதை உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும். நல்லாத் தெரியும். அந்தப் பத்துப் பேரு பொய்யா ஐயா சொன்னாக? ராட்சதர் அங்க இருந்தாகளா இல்லையா?"

"இருந்தாங்க."

"கூடப் போன யோசுவாவும் காலேபும் இல்லன்னு சொன்னாகளா?"

"இல்லன்னு சொல்லல. ஆண்டவர் நம்மோட இருக்கார், பயப்படாதீங்கன்னுதான் சொன்னாங்க."

"பெறகு என் வீட்டுக்காரர மட்டும் ஏன்யா பொய்யன்னு எழுப்பி நிறுத்துனீக?"

நிறுத்தியவர் இவர் இல்லை. அந்த மனிதரும் மண்ணோடு போய்விட்டார். ஆனாலும் கேட்டுவிட்டேன். தனபால் என் கையிலிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாசல் டின்சி ஏசுதாஸுக்குத் தங்கை முறை. அவளிடம் சொன்னேன். "அண்ணி, அண்ணன மாதிரியே நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சமையலுக்குப் போய்விட்டாள். ஆபீஸில் சூப்பர்வைசர் ராஜசேகர், "பொம்மை பாக்கெட்ல சேறுன்னு கலெக்டருக்குப் போன் பண்ணவா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏசுதாஸ் எப்படி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கினார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஜிஷாவைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறிவிடலாம். ஏறவும் நினைத்தேன். அவர் ஏறவில்லையே. சொல்லிப் பார்க்கிறேன் என்றுதானே நின்றார்.

கடைசி நாள் வந்தது. மழை இந்த வருடம் முந்திக்கொண்டு இரண்டு நாளாக ஊற்றிவிட்டு, அன்று காலைதான் சற்று விட்டிருந்தது. விடுமுறை என்பதால் லயத்து ஜனங்கள் முக்கால்வாசி முற்றத்தில் இருந்தார்கள். வேதக்காரர்கள், மாரித்தாய் அக்கா வகையறாக்கள், எல்லாரும். தனபால் கயிறு போட்டு அவனை ஓடைப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்து அவனை மூடியது. விலகியபோது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு கயிறும் அறுந்திருக்கவில்லை.

தனபால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை மலைப்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போய் அவனுக்கு முன்னால் நிறுத்தினார். "சின்னப் பிள்ளைங்க முதல்ல" என்றார். ஜிஷா கவணோடு முன்னால் வந்தாள்.

நான் ஓடிப்போய் அவன் காலடியில் நின்றுகொண்டேன்.

"எறியட்டும். என்னையும் சேத்து எறியட்டும். பேசுனப்பவும் எறிஞ்சீக, செத்த பெறகும் எறியுங்க!"

"அக்கா, தள்ளுங்க" என்றார் தனபால்.

ஜிஷா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, ரொம்ப மேலே, அண்ணாந்து பார்த்தாள். யாரோ பேசுவதைக் கேட்கிற முகம்.

"அம்மா, தள்ளு. எறியச் சொல்லுதாரு."

"உபதேசியார் சொன்னா எறிஞ்சிருவியா?"

"அவரு இல்ல. இவரு." விரலை நீட்டினாள். அப்பனை ஒருநாளும் பார்க்காத பிள்ளை அவள். "நெஞ்சுல எறியச் சொல்லுதாரு."

என் கால் தானாக விலகியது. ஜிஷா கவணைச் சுழற்றினாள். மண் உருண்டை நீலக் கட்டச் சட்டையின் நடுவில் பட்டது. பிள்ளை எறிந்த எறி அது, ஒரு தையல்கூட விட்டிருக்கக் கூடாது.

நெஞ்சு கிழிந்தது. சருகு வரவில்லை. வெள்ளைச் சேறு வந்தது. முதலில் கோடாக, பிறகு குடம் சாய்த்த மாதிரி. வயிற்றில், காலில் வழிந்து முற்றத்தில் பரவியது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அந்த மூங்கில் கூட்டுக்குள் அவ்வளவு சேறு இருக்கவே முடியாது. பிள்ளைகளின் செருப்பு மூழ்கியது.

"வெள்ளைச் சேறு!" மாரித்தாய் அக்கா அலறினாள். "ஏசுதாசு சொன்ன வெள்ளைச் சேறுடீ! ஓடுங்க!"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. தனபால் ஓடிப்போய்க் கோயில் மணியைப் பிடித்து அடித்தார். அடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடைப் பாலத்துக்கு ஓடினார். டின்சி அடுப்பை அணைக்காமல் வந்தாள். படுக்கையில் கிடந்தவர்களைக் கம்பளியோடு தூக்கி வந்தார்கள். ராஜசேகரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து கிழவர்களை ஏற்றினார். பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்று தலை எண்ணினோம். எல்லாரும் இருந்தார்கள்.

மலை அசையவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நேரம் போகப் போக முணுமுணுப்பு எழுந்தது. குக்கர், ரேஷன் கார்டு, ஆட்டுக்குட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் பாலத்தின் வாயில் உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போகிறவன் போகட்டும் என்றேன். தனபால் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரைத் தாண்டிப் போவது கஷ்டம்தான்.

சாயந்திரம் நெருங்கும்போது மழை சற்றுக் கலைந்தது. அக்கரையில் கோயில் முற்றம் தெரிந்தது. மூங்கில் கூடு மட்டும் நின்றது. அவன் இல்லை. துணி கிழிந்து கீழே விழுந்திருக்கும் என்று ராஜசேகர் சொன்னார். ஆனால் லயத்துக்கு மேலே, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே, மூடுபனிக்குள் என்னவோ நிமிர்ந்து நின்றது. பலநிறமாக, மரங்களைவிட உயரமாக. இரண்டு கையையும் விரித்து, வருகிறதைத் தாங்கப்போகிற மாதிரி. ஜிஷா கையசைத்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மலை இறங்கியது.

கோயில், லயம், முற்றம் எதுவும் மிச்சமில்லை. ஒரு உயிரும் போகவில்லை.

மண்ணை அகற்ற வந்தவர்கள் மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள். புது மண்ணோடு பழைய மண்ணும் புரண்டு மேலே வந்திருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் கிடைக்காதவர்கள் அதில் இருந்தார்கள். எலும்புகளாக, எல்லாரும் ஓரிடத்தில், ஒருவர்மேல் ஒருவராக. தின்றதை அந்த மண் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு பொடி டப்பாவும் கிடைத்தது. துருப்பிடித்திருந்தது, மூடி திறக்கவில்லை. நான் திறக்கவும் முயற்சி செய்யவில்லை.

எது யாருடைய எலும்பு என்று பரிசோதனை செய்து பிரித்துத் தரலாம், நாளாகும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மாரித்தாய் அக்கா என்னைப் பார்த்தாள். "ஏன் ஜோதி, நீ ஒண்ணாத்தான தைச்ச. பெறகு என்னத்துக்குப் பிரிக்கது?" என்றாள். மற்றவர்களும் சரி என்றார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.

பள்ளிக்கூட மேட்டில் ஆசாரி சவப்பெட்டிக்குப் பலகையை இறக்கினார். எலும்புதானே, சின்னப் பெட்டி போதும் என்று அளக்கப் போனவரை நான் நிறுத்தினேன்.

"நீளமா அடிங்க. ஆறு முழம், ஒரு சாண்."

ஆசாரி என் முகத்தைப் பார்த்தார். வருத்தத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். "அத்தன நீளத்துக்கா? யாரு முழத்துக்கும்மா?"

தனபால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பலகை மேல் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார். "இந்தக் கைக்கு அளங்க" என்றார். பிறகு கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏசுதாஸ் அண்ணன் பொய் சொல்லல. அவர் பாத்ததத்தான் சொன்னார்."

ஆசாரி பென்சிலால் குறித்தார். தனபால் கையை எடுத்து, குறித்த இடத்திலிருந்து மறுபடி வைத்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் மாரித்தாய் அக்கா ஒரு கை திருநீறு எடுத்து உள்ளே தூவினாள். உபதேசியார் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்குவதற்கு ஊரில் இருந்த ஆண்கள் எல்லாரும் தேவைப்பட்டார்கள்.